புதுச்சேரி, கடலூர் வீடுகளில் கணப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் வீடு வரைந்து கட்டித் தருவது எங்கள் தொழில். கொஞ்ச காலமாக மனை அளவோடு சேர்த்துக் கைபேசியில் ஒரு படத்தையும் காட்டுகிறார்கள். வெள்ளைச் சுவர், நடுவில் கறுப்புக் கல், அதற்குள் நெருப்பு: கணப்பு, அதாவது ஃபயர்பிளேஸ். "இதே மாதிரி நம்ம ஹாலில் வைக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறோம்.

இந்த ஊர் வெயிலுக்குக் கணப்பா? நிஜமாகவே யாராவது கேட்கிறார்களா?

கேட்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதி வீடு கட்டுபவர்கள் கேட்கிறார்கள். ஊட்டியில் தங்கிய பங்களாவை மறக்க முடியாதவர்கள் கேட்கிறார்கள். பாரிஸ் பக்கம் பல வருடம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பும் புதுச்சேரிக் குடும்பங்களும் கேட்கின்றன. அவர்கள் அதை 'ஷெமினே' என்பார்கள். அங்கே பனிக்காலத்தில் அதன் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு அந்த இடத்தின் மேல் ஒரு பிடிப்பு இருக்கத்தான் செய்யும். கேலி செய்ய ஒன்றுமில்லை. அவர்களுக்கு நெருப்பு வேண்டுமா, அதைச் சுற்றி உட்கார்ந்த இடம் வேண்டுமா என்பதைத்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்.

குளிர் காய இங்கே தேவை உண்டா?

இல்லை. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழி இருக்கிறது, சரி. ஆனால் புதுச்சேரியில் ஜனவரி மாத விடியற்காலையிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதற்கு ஒரு போர்வை போதும். மிச்ச நாளெல்லாம் வீட்டுக்குள் சேரும் சூட்டையும் புழுக்கத்தையும் எப்படி வெளியே தள்ளுவது என்பதுதான் பிரச்சினை.

அப்படியானால் மேல்நாட்டுக் கட்டடக் கலையில் அதற்கு ஏன் அத்தனை மரியாதை?

குளிர்ப் பிரதேசத்து வீட்டில் கணப்பு மூன்று வேலைகளைச் செய்தது. சூடு கொடுத்தது. அறைக் காற்றைப் புகைபோக்கி வழியாக இழுத்து வெளியே விட்டது. குடும்பத்தை ஓர் இடத்தில் உட்கார வைத்தது. முதல் வேலையைத்தான் எல்லோரும் பேசுவார்கள். பார்க்கப் போனால் அதில்தான் அது படுமோசம். திறந்த கணப்பில் எரியும் விறகின் சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும். பத்தில் ஒரு பங்கு அறைக்குக் கிடைத்தாலே நல்ல கணப்பு. இதனால்தான் பெஞ்சமின் பிராங்க்ளின் 1740களில் இரும்பு அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். 1790களில் ரம்ஃபோர்டு பிரபு என்பவர் கணப்பின் குழியை ஆழம் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, சூடு அறைக்குள் திரும்பி வரும்படி செய்தார். இன்றைக்கும் நல்ல செங்கல் கணப்பு அவர் வகுத்த வடிவத்தை ஒட்டித்தான் கட்டப்படுகிறது.

பிறகு குழாய் வழியாக வீடு முழுக்கச் சூடு கொடுக்கும் ஏற்பாடுகள் வந்தன. லண்டனில் 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகையும் பனியும் கலந்து ஊரையே மூடி ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்த பிறகு, 1956இல் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்து வீட்டுப் புகைக்கும் கட்டுப்பாடு போட்டார்கள். சூட்டுக்காக இனிக் கணப்பு தேவையில்லை என்ற நிலை வந்துவிட்டது. அப்போதும் கட்டடக் கலைஞர்கள் அதை விடவில்லை.

பிராங்க் லாய்டு ரைட் கணப்பை வீட்டின் நடுவில் நிறுத்தி, அறைகளை அதிலிருந்து நாலா பக்கமும் விரியவிட்டவர். சிகாகோவில் 1910இல் முடிந்த ரோபி வீட்டில் ஹாலையும் சாப்பாட்டு அறையையும் பிரிப்பது சுவர் அல்ல, கணப்பு. 1930களில் பென்சில்வேனியாவில் அருவியின் மேல் அவர் கட்டிய வீட்டில், அந்த இடத்தில் கிடந்த பாறையை வெட்டி எடுக்காமல் ஹால் தரைக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும்படி விட்டு, அதன் மேலேயே நெருப்பு மூட்டும் இடத்தை அமைத்தார். 1949இல் பிலிப் ஜான்சன் தனக்குக் கட்டிக்கொண்ட கண்ணாடி வீட்டில் நான்கு பக்கமும் கண்ணாடிதான். உள்ளே தரையிலிருந்து கூரை வரை போவது ஒரே ஒரு செங்கல் உருளை. அதன் ஒரு பக்கம் குளியலறை, இன்னொரு பக்கம் கணப்பு.

எங்களுக்குப் பிடித்த உதாரணம் சண்டிகரை வடிவமைத்த லெ கொர்பூசியேயுடையது. 1930 வாக்கில் பாரிசில் ஒரு பணக்காரருக்காக மொட்டை மாடியில் அவர் ஓர் அறை அமைத்தார். கூரை கிடையாது, தரையில் புல், சுவரில் பழைய பாணியில் அலங்காரமான ஒரு கணப்பு. வானம் பார்த்த அறையில் கணப்பு எதைச் சூடாக்கும்? அது ஒரு விளையாட்டு. ஆனால் அதைப் பார்த்ததும் 'இது அறை' என்று மனம் ஒப்புக்கொள்கிறது பாருங்கள், நவீன வீட்டில் கணப்பின் வேலை ஏறக்குறைய அதுவாகிவிட்டது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் வீடு கட்டினார்களே, அவர்கள் என்ன செய்தார்கள்?

உயரமான கூரை, மரப்பலகைச் சட்டம் வைத்த நீண்ட ஜன்னல், உள்ளே முற்றம், தெருப் பக்கம் தடித்த சுவர், அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு. தமிழர் தெருக்களில் கீழே திண்ணையும் தாழ்வாரமும், மாடியில் பிரெஞ்சுப் பாணி என்று இரண்டும் கலந்த வீடுகள். எல்லாமே நிழலையும் காற்றையும் நம்பியவை. ஆங்கிலேயர்கள் மட்டும் என்ன, கணப்பைத் தாராளமாகக் கட்டியது ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று மலை ஏறிய பிறகுதான்.

இதில் சுவையான சங்கதி ஒன்று உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை வடிவமைத்த அன்டோனின் ரேமண்ட், கணப்பை வீட்டின் நடுநாயகமாக வைத்த அதே ரைட்டிடம் வேலை பார்த்தவர். டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் கட்ட ரைட்டோடு 1919இல் ஜப்பான் போய் அங்கேயே தொழிலை நிலைநாட்டிக்கொண்டார். புதுச்சேரிக்கு வரைந்தபோது குருநாதர் வழியில் நடுவில் கணப்பை வைக்கவில்லை. கட்டடத்தின் நீள முகங்களில் தரையிலிருந்து கூரை வரை திருப்பி மூடித் திறக்கும் அகலப் பலகைகளை வைத்தார். ஜன்னல் கண்ணாடியே கிடையாது. கூரையின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டு அடுக்கியதால் வெயில் சூடு அந்த இடைவெளிக் காற்றோடு போய்விடுகிறது. 1937இல் வேலை தொடங்கிய கட்டடம். இன்றும் அதில் ஆட்கள் தங்குகிறார்கள். கணப்பைப் பற்றி எங்களிடம் கேட்பவர்களை, முடிந்தால் அனுமதி வாங்கி ஒரு முறை அதைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறோம்.

ஊட்டியில் நன்றாக எரிகிறது. இங்கே மட்டும் ஏன் ஹாலில் புகை சூழும்?

புகை தானாக மேலே ஏறுவதில்லை. வெளியே இருக்கும் குளிர்ந்த, கனமான காற்று கீழிருந்து தள்ளுவதால்தான் லேசான சூட்டுக் காற்று புகைபோக்கியில் ஏறுகிறது. உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வித்தியாசம் எவ்வளவோ, புகைபோக்கி எவ்வளவு உயரமோ, அந்த அளவுக்கு இழுப்பு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் ஆச்சரியம். 6 மீட்டர் புகைபோக்கி, உள்ளே 200 டிகிரி சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே 5 டிகிரி இருக்கும் ஊட்டி இரவில், அந்த உயரத்தில் காற்று லேசு என்பதால், இழுப்பு 23 பாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) அளவு வரும். வெளியே 28 டிகிரி இருக்கும் புதுச்சேரி இரவில் 25 பாஸ்கல். அதாவது நன்றாகப் பிடித்து எரிய ஆரம்பித்த பிறகு பெரிய வித்தியாசமே இல்லை!

சிக்கல் பற்ற வைக்கும் நேரத்தில். ஊட்டியில் அறைக்குள் 16, வெளியே 5 என்றால் தீக்குச்சி கிழிப்பதற்கு முன்பே புகைபோக்கியில் காற்று மேல் நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். இங்கே உள்ளும் வெளியும் ஒரே சூடு. புகைபோக்கிக்குள் காற்று அசையாமல் நிற்கும். முதல் புகை போக வழி தெரியாமல் ஹாலுக்குத்தான் வரும். ஏசி ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். உள்ளே 24, வெளியே 30 என்றால் புகைபோக்கிக்குள் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கும், வெளிக் காற்று மேலிருந்து உள்ளே வரும். புகைபோக்கி தலைகீழாக வேலை செய்யும்.

அடுத்தது சமையலறை சிம்னி. மணிக்கு 1,000 கன மீட்டருக்கு மேல் இழுக்கும் என்று பெட்டியிலேயே எழுதியிருப்பான். ஜன்னலெல்லாம் சாத்திய வீட்டில் அதைப் போட்டால் அந்தக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். திறந்திருக்கும் பெரிய ஓட்டை கணப்பின் புகைபோக்கிதான். மீன் வறுக்க சிம்னியைப் போட்டதும் ஹால் கணப்பின் புகை மொத்தமும் சோபா பக்கம் திரும்பும். புகை மட்டுமா, கூடவே கார்பன் மோனாக்சைடும். அதற்கு வாசனை கிடையாது, கண் எரியாது, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விறகுக் கணப்பு உள்ள அறையில் அதற்கான அலாரம் இல்லாமல் நாங்கள் சாவியைக் கொடுப்பதில்லை.

இவ்வளவும் தெரிந்தும் விறகுக் கணப்புதான் வேண்டும் என்றால்?

வீடு எழும்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பூச்சு வேலை நடக்கும்போது வந்து "இந்த மூலையில் ஒரு கணப்பு" என்றால் தளத்தை உடைக்க வேண்டிவரும், உத்தரம் குறுக்கே நிற்கும்.

நெருப்புப் படும் குழிக்குச் சூடு தாங்கும் தீச்செங்கல், அதைக் கோக்கத் தீக்களிமண் கலவை. மேஸ்திரி சாதாரண சிமெண்டுக் கலவையில் கட்டிவிட்டால் சூட்டில் பொரிந்து உதிரும். பளபளப்பான கிரானைட்டை வெளிமுகத்துக்கு ஒட்டலாம். தீ நாக்குப் படும் இடத்தில் வைத்தால் ஒரு நாள் 'டப்'பென்று சில்லு தெறிக்கும். கணப்புக்கு முன்னால் குறைந்தது 45 செ.மீ. அகலத்துக்குத் தரை கல்லாகவோ செங்கல்லாகவோ இருக்க வேண்டும். மரத் தரையும் கம்பளமும் அந்த எல்லைக்கு அப்பால்தான்.

புகைக்குழலின் குறுக்குவெட்டுப் பரப்பு கணப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். மாடி இல்லாத வீட்டில் புகைபோக்கி குட்டையாக இருக்கும் என்பதால் எட்டில் ஒரு பங்கு. கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து 3 அடியாவது மேலே போக வேண்டும், 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது விதி நம் ஊரில் உதைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த வருடம் இன்னொரு மாடி எழுப்பினால் உங்கள் புகைபோக்கி அவர் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக வந்துவிடும். அப்புறம் காவல் நிலையம் வரை போகிற கதைதான்.

கட்டடப் புகைபோக்கிகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 1645 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. உங்கள் பொறியாளர் அதைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். அனுமதிக்குப் போகும் வரைபடத்திலும் புகைபோக்கியைக் காட்டிவிடுங்கள்.

புயலைச் சொல்லாமல் விட முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூரை மேல் ஒல்லியாக நிற்கும் வெறும் செங்கல் தூண் அந்தக் காற்றுக்கு நிற்காது. உள்ளே கம்பி கட்டி, கான்கிரீட் பட்டை போட்டு, தளத்தோடு பிணைக்க வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. புகைபோக்கியின் தலையில் மூடி இல்லையென்றால் அந்தத் தண்ணீர் நேராக ஹாலுக்குத்தான். உலோகக் குழல் வைப்பதாக இருந்தால் 316 ரக எவர்சில்வர் கேளுங்கள். மலிவான ரகத்தை உப்புக் காற்று சும்மா விடாது. புறா கூடு கட்டாமலிருக்க வலையும் வேண்டும்.

சவுக்கு விறகு போதுமா?

தாராளமாக. மரக்காணம் தொடங்கிக் கடலூர் தாண்டியும் கடலோரமெல்லாம் சவுக்குத் தோப்புதான். சூடு அதிகம், கரி நின்று எரியும். ஆனால் காய்ந்திருக்க வேண்டும். விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் சரியாக எரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே கிடந்த கட்டையை மார்கழியில் மூட்டினால் புகையில் உள்ள தார் குழலின் உட்சுவரில் கறுப்பாகப் படியும். சேரச் சேர அதுவே ஒரு நாள் தீப்பற்றும். வருடம் ஒரு முறை குழலைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும், அதைச் செய்யத் தெரிந்த ஆள் இந்த ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. பழைய கதவு, பிளைவுட், பெயிண்ட் அடித்த சட்டம் எதையும் போடாதீர்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் விறகுப் பேச்சையே விட்டுவிடுங்கள்.

எத்தனால் கணப்புக்குப் புகைபோக்கியே வேண்டாம் என்கிறார்களே?

புகை வராது என்பது உண்மை. ஆனால் புகைபோக்கி இல்லையென்றால் எரிந்து வருவதெல்லாம் அறைக்குள்ளேயே தங்கும் என்பதை விற்பவர் சொல்வதில்லை. ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தால் 1.5 கிலோ கரியமில வாயுவும், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சமமான நீராவியும் வரும். ஏற்கெனவே சுவர் வியர்க்கும் ஊரில் ஒரு லிட்டர் தண்ணீரை ஹால் காற்றில் கலக்கிறோம். கூடவே ஏறக்குறைய 6 யூனிட் சூடு. ஒரு டன் ஏசி ஒரு மணி நேரத்தில் வெளியேற்றும் சூடு மூன்றரை யூனிட். காசு கொடுத்து எத்தனால் எரித்து, அந்தச் சூட்டை வெளியேற்ற மின்கட்டணமும் கட்டுவீர்கள்.

விபத்துகள் நடப்பது பெரும்பாலும் மறுபடி ஊற்றும்போது. சுடர் அணைந்துவிட்டதாக நினைத்து ஊற்றுவார்கள். எத்தனால் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. முழுக்க அணைந்து, பர்னர் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். குழந்தைகள் ஓடும் ஹாலுக்கு நாங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

காஸ் கணப்பு?

சமையல் காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும், கணப்போ தரை மட்டத்தில் இருக்கிறது. சமையலறைக்கு வாங்கிய சிலிண்டரை இதற்கு இழுத்துக் குழாய் போடும் யோசனையை வீட்டுக்குள் வேண்டாம் என்றே சொல்வோம்.

மின்சாரக் கணப்பாவது வைக்கலாமா?

வைக்கலாம். இந்த ஊருக்கு நியாயமானது இதுதான். எல்ஈடி வெளிச்சத்தில் தீ நாக்கு மாதிரி ஆடும். சில மாடல்களில் மெல்லிய நீராவியை எழுப்பி அதில் வெளிச்சம் அடித்து நிஜப் புகை மாதிரியே காட்டுவார்கள். சூட்டை அணைத்துவிட்டுச் சுடரை மட்டும் ஓடவிட முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். முடியும் என்றால் சாதாரண பல்புக்கு ஆகும் மின்சாரம்தான். ஹீட்டரையும் போட்டால் 1,500 முதல் 2,000 வாட். இரண்டு மணி நேரத்தில் 3, 4 யூனிட் போய்விடும். அந்த அளவு இழுவைக்கு 5 ஆம்ப் பிளக் தாங்காது. கீசர் வைக்கும் பவர் பிளக் மாதிரி தனி ஒயர் இழுத்து, எர்த் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும். நீராவி மாடலில் தேங்கும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். மறந்தால் கொசு குடித்தனம் வந்துவிடும்.

கல் ஒட்டின மாதிரி பிளாஸ்டிக் பலகையெல்லாம் வேண்டாம் என்பது எங்கள் சொந்த ருசி. கடப்பாக் கல்லோ சுடுமண் ஓடோ வைத்தால் பார்வைக்கும் நம் ஊர்ச் சுவராக இருக்கும்.

டிவிக்குக் கீழே கணப்பு வைக்கிற படங்கள் நிறைய வருகின்றன. செய்யலாமா?

கழுத்து வலிக்கும். உட்கார்ந்த கண் மட்டம் தரையிலிருந்து 1 மீட்டர் சுமாருக்கு இருக்கும். டிவியின் நடுப்பகுதி அந்த மட்டத்துக்கு வர வேண்டும். கணப்பை அங்கே வைத்தால் டிவி ஒன்றரை மீட்டருக்கு மேல் ஏறிவிடும். இரண்டையும் பக்கம் பக்கமாக வையுங்கள், அல்லது எதிரெதிர்ச் சுவரில்.

வாஸ்துப்படி எங்கே?

தென்கிழக்கு, அக்னி மூலை. அங்கே ஏற்கெனவே உங்கள் சமையலறை இருக்கும். மின்சாரக் கணப்புக்கு வாஸ்து பார்த்துத் தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இன்வெர்ட்டருக்குப் பார்த்தீர்களா என்ன?

புகை போட்டால் கொசு போகுமே?

போகும், நீங்களும் சேர்ந்துதான் வெளியே போக வேண்டியிருக்கும். ஜன்னலுக்கு வலை அடியுங்கள்.

கணப்பு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஆனால் ஹாலில் எல்லோரும் சேர்ந்து உட்கார ஓர் இடம் வேண்டும். என்ன செய்யலாம்?

இப்போதைய ஹாலில் எல்லோரும் ஒரே சுவரைப் பார்த்து உட்கார்கிறோம், டிவி இருப்பதால். கணப்பு இருந்தால் அரை வட்டமாக உட்காருவார்கள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். அந்த உட்காரும் முறையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கூரையில் கொக்கி போட்டு ஊஞ்சல் தொங்கவிட்டால் ஹாலின் நடு தானாக அமையும். அதற்குத் தளம் வார்க்கும்போதே கம்பியில் வளையம் கட்ட வேண்டும். பிறகு துளை போட்டு மாட்டுவது ஆபத்து. இடம் இருந்தால் சின்ன முற்றம் வைத்து, அதன் மூன்று பக்கமும் அரை மீட்டர் உயரத்துக்குத் திண்ணை கட்டிவிடுங்கள். சாயங்காலம் பூ தொடுக்க, காய் நறுக்க, பிள்ளைகள் பாடம் படிக்க, மாமனார் பேப்பர் விரிக்க எல்லாவற்றுக்கும் அதே இடம்தான். சோபா செட் வாங்கும் காசு மிச்சம்.

அமெரிக்காவில் 1950களில் ஹாலின் நடுவில் தரையைப் பள்ளமாக்கி, சுற்றிலும் மெத்தை போட்டு உட்காரும் பாணி வந்தது. ஈரோ சாரினென் 1957இல் கட்டிய மில்லர் வீடு அதற்குப் பேர் போனது. அதையும் சிலர் இங்கே கேட்கிறார்கள். கடலூரில் வெள்ளம் எந்த மட்டம் வரை வரும் என்று தெரிந்தவர்கள் ஹாலைப் பள்ளமாக்க மாட்டார்கள். மேடை கட்டுங்கள், பள்ளம் வேண்டாம்.

புகைபோக்கி மட்டும் வைத்தால் காற்றோட்டம் கிடைக்குமா?

நல்ல கேள்வி. கிடைக்கும். அதற்கான கூண்டு உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது: மாடிப்படிக்கு மேலே மொட்டை மாடியில் நிற்கும் ஹெட்ரூம். தரைத்தளத்திலிருந்து மேல் வரை தடையில்லாமல் போகும் ஒரே இடம் மாடிப்படிதான். வீட்டுச் சூடெல்லாம் அதன் வழியாக ஏறி ஹெட்ரூமில் போய் அடைந்து கிடக்கும். மே மாதம் மத்தியானம் மொட்டை மாடிக் கதவைத் திறக்கப் போனால் முகத்தில் அடிக்கும் அனல் அதுதான். நாமோ அங்கே ஒரு இரும்புக் கதவைப் போட்டுப் பூட்டிவிடுகிறோம்.

ஹெட்ரூம் சுவரின் உச்சியில், கூரைக்கு ஒட்டி, மேற்குப் பார்த்து அகலமான வெண்டிலேட்டர் வையுங்கள். மேற்கு ஏன்? கோடையில் பிற்பகல் கடல் காற்று தென்கிழக்கிலிருந்து வீசுகிறது. அது ஹெட்ரூமைத் தாண்டிப் போகும்போது பின்பக்கமான மேற்கில் உறிஞ்சும் இழுப்பு உண்டாகும். வடகிழக்குப் பருவமழையின் சாரலும் அந்தப் பக்கம் அதிகம் அடிக்காது. சாய்ந்த பலகை, வெளியே சன்ஷேடு, உள்ளே கொசு வலை. கீழே கிழக்கு, தெற்கு ஜன்னல்களைத் திறந்து வைத்தால் காற்று உள்ளே வந்து படி ஏறி வெளியே போகும்.

எவ்வளவு இழுக்கும் என்பதில் மிகைப்படுத்த விரும்பவில்லை. உள்ளே 33, வெளியே 31, உயரம் 7 மீட்டர் என்றால் சூட்டினால் வரும் இழுப்பு அரை பாஸ்கல்தான். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் அடிக்கும் கடல் காற்றின் அழுத்தம் அதைப்போல் பத்து மடங்கு. காற்று அடிக்கும்போது காற்றுதான் வேலை செய்கிறது. காற்று ஓய்ந்துபோன இரவில்தான் அந்த அரை பாஸ்கல் கைகொடுக்கும். அப்போதும் அதற்குத் துணையாக ஹெட்ரூமில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, இரவு 8 மணிக்கு மேல் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் பகல் முழுக்கத் தளத்தில் ஏறிய சூடு சீக்கிரம் இறங்கும். ஏசி போடும் அறைக் கதவுகள் மட்டும் சாத்தியிருக்க வேண்டும்.

விறகடுப்பு இருந்த பழைய சமையலறைகளில் அடுப்புக்கு மேலே கூரையைக் கொஞ்சம் உயர்த்திப் புகைக்கூண்டு வைப்பார்கள். அதன் கீழே பரணில் விதைநெல்லும் புளியும் பூச்சி பிடிக்காமல் கிடக்கும். அதே வித்தைதான் இது, புகை மட்டும் இல்லை.

மொட்டை மாடியில் தீக்குழி அமைக்கலாமா?

கட்ட வேண்டாம், கால் வைத்த இரும்புச் சட்டி வாங்குங்கள். தளத்தின் மேலேயே நெருப்பு மூட்டினால் கூலிங் டைல்ஸ் வெடிக்கும், அதற்குக் கீழே உள்ள நீர்க்கசிவுத் தடுப்பு உருகும், 300 டிகிரியைத் தாண்டினால் கான்கிரீட்டே பலம் இழக்கத் தொடங்கும். சட்டிக்கு அடியில் ஒரு வரிசைச் செங்கல், அதன் மேல் மணல். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு மூட்டுங்கள், பக்கத்து மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருக்கலாம்.

நெருப்பை வைத்து இந்த ஊரில் வேறு யாராவது கட்டடத்தில் பரிசோதனை செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள், அதுவும் பெரிய அளவில். 1971இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினார்கள். மீக்கர் 1980களில் பச்சை மண் கற்களால் வீடு கட்டி, வீட்டையே சூளையாக வைத்துச் சுட்டுப் பார்த்தார். உள்ளே செங்கல்லும் ஓடும் அடுக்கி, நெருப்பு மூட்டி, சில நாள் எரியவிட்டால் சுவரும் வளைவுக் கூரையும் சுட்ட மண்ணாக இறுகிவிடும். உள்ளே வெந்த சரக்கும் விற்பனைக்கு ஆகும். எரிபொருள் செலவும் வேலைப்பளுவும் அதிகம் என்பதால் அது பரவலாகவில்லை. ஹாலில் ஒரு கணப்பு கேட்பவர்களிடம், இங்கே வீடு முழுவதையுமே கணப்பாக்கியவர் இருந்தார் என்று சொல்லிச் சிரிப்போம்.

நாங்கள் வாங்கிய வில்லாவில் முன்பு இருந்தவர் கணப்பு கட்டியிருக்கிறார். மழைக்காலத்தில் கரி வாடை வருகிறது. என்ன செய்வது?

குழலின் உள்ளே படிந்த தாரும் கரியும் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வரும் வாடை அது. முதலில் குழலைச் சுரண்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிறகு கீழே, கணப்பின் வாய்க்கு மேலே, மூடித் திறக்கும் தகடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் துருப்பிடித்துப் பாதி திறந்த நிலையில் சிக்கியிருக்கும். ஏசிக் குளிர் அதன் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கும்.

இனி மூட்டப் போவதில்லை என்றால் தகட்டை எடுத்துவிட்டுக் குழலின் கீழ் வாயை ஜிப்சம் பலகையால் அடைத்து, கணப்புக் குழிக்குள் மின்சாரக் கணப்போ புத்தக அலமாரியோ வைக்கலாம். மேலே கான்கிரீட் மூடி போடுங்கள், ஆனால் இரண்டு முனையையும் காற்றுப் புகாமல் அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் உள்ளே ஈரம் தேங்கி, ஹால் சுவரில் மஞ்சள் கறையாக வெளியே வரும். மேல் மூடிக்குக் கீழே பக்கவாட்டில் ஒன்று, கீழ்ப் பலகையில் ஒன்று என்று உள்ளங்கை அளவு வலை வைத்த துவாரங்கள் இருக்கட்டும். கறை ஏற்கெனவே வந்திருந்தால் அந்தப் பூச்சைச் செதுக்கிவிட்டுச் சுண்ணாம்புக் கலவையில் பூசுங்கள், சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். ஒரு கோடை முழுக்கக் காய விட்டு, அப்புறம் பெயிண்ட் அடிக்கலாம்.